எல்லாவற்றுக்கும் சைபர்

ஹெட்செட்டைக் கழற்றியபோது ஒல்லியக்காவின் முகம் வெளுத்த துணி போல இருந்தது. "பாத்ரூம் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. லேப் கதவில் தோளை இடித்துக்கொண்டே ஓடினாள். இரண்டு அறை தள்ளி அவள் குமட்டுகிற சத்தம் ஆராய்ச்சிக்காரிக்குத் தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்தவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள். பேனாவை எடுத்தாள். தலைசுற்றல் உண்டா, குமட்டல் உண்டா, வியர்த்ததா என்று பதினாறு கேள்விகள். இல்லையென்றால் சைபர், தாங்க முடியாவிட்டால் மூன்று. மேலிருந்து கீழே, முறுக்குப் பிழிவது போல, பதினாறு சைபரையும் சுழித்துவிட்டுத் தாளை நீட்டினாள்.

"அக்கா, இப்பதானே வாந்தி எடுத்தீங்க?"

"காலைல சாப்பிட்டது சேரலம்மா. உன் மெசினு நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாதீங்க."

ஒல்லியக்கா கதவைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்கம்மாதான் சொல்லுச்சு. எல்லாத்துக்கும் சைபர் போட்டாத்தான் நீ பாஸாவியாம். ஒருத்தர் மாத்திப் போட்டாலும் போச்சாமே. நான் கெடுத்தேன்னு ஆகிடக்கூடாது பாரு."

ஆராய்ச்சிக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டாக்டர் பட்டத்துக்காக நான்கு வருடமாக அவள் செய்தது ஒரே வேலை. ஹெட்செட் போட்டவர் உட்கார்ந்தபடியே மெய்நிகர் உலகத்தில் நடக்க வேண்டும். கண் நடக்கும், உடம்பு உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டின் சண்டையில் அடிவாங்குவது குடல். நடக்கும்போது பார்வையின் ஓரங்களை மெல்ல இருட்டாக்கினால் குமட்டல் குறையும் என்பது அவள் கணிப்பு. கல்லூரிப் பிள்ளைகளை வைத்தே எல்லோரும் சோதிக்கிறார்கள், வேறு ஆட்களைக் கொண்டு வா என்றார் பேராசிரியர். ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் லாண்டரியில் அம்மா இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாளே இருபத்து நான்கு பெண்கள் பேர் கொடுத்துவிட்டார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கூப்பிட்டதும் வந்துவிட்டார்களே என்று பூரித்துப் போனவள் அவள்தான்.

ஒப்புதல் படிவத்தில் 'பங்கேற்பாளர் தம் உணர்வுகளை உள்ளவாறே பதிவு செய்யக் கடமைப்பட்டவர்' என்று எழுதியிருந்தாள். எழுதியபோது அந்த வரி அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைப் படித்துப் புரிந்துகொண்டவர் ஒருவரும் இல்லை. புரியாததை எல்லோரும் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேலையிடத்திலும் அதேதான், வீட்டிலும் அதேதான்.

"என்னடி, இன்னைக்கு டாக்டரு சீக்கிரமா?"

"என்னம்மா சொல்லிவெச்ச அவங்ககிட்ட?"

அம்மாவுக்குக் கேள்வி புரிந்தது. கையில் இருந்த தலையணை உறையை மடித்து முடித்த பிறகே பேசினாள். "தாளைக் காட்டி என்னன்னு கேட்டாங்க. பரீட்சைன்னேன். நோவு இல்லைன்னா சைபர்னு நீதானே சொன்ன? நோவு வந்தா உன் மெசினு சரியில்லைன்னு தானே ஆகும்? அதான் நாலு பேரைக் கூப்பிட்டு, என் புள்ள பரீட்சைம்மா, பாத்துப் போடுங்கன்னு சொன்னேன்."

"அது எனக்குப் பரீட்சை இல்லம்மா. மெசினுக்கு."

"மெசினு தோத்தா நீ ஜெயிப்பியா?"

தோற்றாலும் அது ஒரு முடிவுதான், அதையும் எழுதலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படித் தோற்றதை எழுதிப் பட்டம் வாங்கிய ஒருவரையும் அவள் துறையில் பார்த்ததில்லை.

"எத்தனை பேருக்கு முடியாமப் போச்சு? உண்மையைச் சொல்லு."

அம்மா அடுத்த உறையை எடுத்தாள். கை மட்டும் மடிக்க மறந்து நின்றது.

"துணி தேய்க்கிற சூட்டு ரோலர்ல நிக்குமே, சின்னப்பொண்ணு. உன்கிட்ட வந்துட்டு நேரா ஷிப்டுக்குப் போச்சு. தலை கிர்ருனு இருக்குன்னுச்சு. பெட்ஷீட்டை உள்ளே விடறப்ப கையும் போயிருச்சு. முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு."

"எப்ப?"

"மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா என்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ நிறுத்திருவ. அந்தப் புள்ளையே சொல்ல வேணாம்னுச்சு. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமாடி? உன் நல்லதுக்குத்தானே..."

"செத்துருச்சும்மா."

தலைசுற்றல் என்று ஒருவர் குறித்தால் அரை மணி நேரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகே அனுப்ப வேண்டும். அந்த விதியை எழுதியதும் அவளே. சின்னப்பொண்ணு பதினாறு சைபர் போட்டாள். இவளும் சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள்.

மறுநாள் பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் இரண்டு முறை மணி பார்த்தார்.

"அவங்க கையால போட்டாங்க, கையெழுத்து இருக்கு. அதுக்குப் பேருதான் டேட்டா. வாந்தி எடுத்த அந்த ஒருத்தரை எடுத்துடு."

"எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தது ஒரே ஆள் சார். எங்க அம்மா."

"அது என் காதுல விழல."

"ஒருத்தங்க கை வெந்துபோச்சு சார். அடுத்த மாசம் இந்த ஹெட்செட்டை ஆஸ்பத்திரியில எழுந்திரிக்க முடியாதவங்க தலையில மாட்டப் போறாங்க. மல்லாந்து படுத்தபடி வாந்தி வந்தா எங்க சார் போகும்?"

"தீசிஸ் குடுக்க உனக்கு இருக்கறது பதினோரு நாள். இனிமே நீட்டிப்பு கிடையாது. வீட்டுல முதல் பட்டதாரி நீ. பாத்துப் பேசு."

முதல் பட்டதாரி. விருந்தினர் வந்தால் அவளைக் காட்டி அவர் சொல்கிற வார்த்தை. பாராட்டவும் அதே வார்த்தை, மிரட்டவும் அதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிற ஆள், பரிமாற இவள் கையைக் கேட்கிறார்.

அவள் தன் மேசைக்குப் போய்க் கடிதம் எழுதினாள். முடிவுகள் செல்லாது, ஆய்வை விலக்கிக்கொள்கிறேன், ஒரு பெண்ணுக்குக் காயம். மொத்தம் ஏழு வரி. நெறிமுறைக் குழுவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினாள். மனசு லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அனுப்பிய பிறகு அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. அதைக் குறிக்க அவளிடம் தாள் இல்லை.

சாயங்காலம் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனாள். முழங்கை வரை கட்டு. கட்டு இல்லாத கையால் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காரு டாக்டரு. எதுக்கு இவ்வளவு தூரம்?"

"வலிக்குதாக்கா?"

"ஒண்ணும் இல்ல. சைபர்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, மடங்காமல் நின்றன. "வேலைக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்க. போகட்டும், அந்தச் சூட்டுல யாரு நிப்பா?"

ஆராய்ச்சிக்காரி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். உன் கை வெந்ததற்கு ஒரு பலனும் இல்லை என்பதை எந்த வார்த்தையில் சொல்வது?

"அழுவாத," என்றாள் சின்னப்பொண்ணு. "அதை விடு. பாஸாயிட்டியா?"

அவள் அந்த விரல்களையே பார்த்தாள்.

"ஆயிட்டேன்க்கா."

"அப்புறம் என்ன?" சின்னப்பொண்ணு போனை எடுத்து, இடது கைக் கட்டைவிரலால் தட்டுத்தடுமாறி அழுத்தத் தொடங்கினாள். "இரு, எல்லாருக்கும் சொல்லிடறேன்."

ஆராய்ச்சிக்காரி பஸ் நிறுத்தத்தை அடைவதற்குள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. வந்த பஸ்ஸில் அவள் ஏறவில்லை.