வெள்ளிக்கிழமை வண்டி

சென்னையில் அந்தப் பயிற்சிக்கு நூரைன் தேர்வானபோது, அவள் வீட்டார் தெருவுக்கே பிரியாணி போடாத குறைதான். சிறுபான்மைப் பல் மருத்துவர்கள் சொத்தைப் பல்லை அடைப்பதோடு நிற்காமல், வாய்நலத் திட்டங்களை முடிவு செய்கிற இடத்திலும் போய் உட்கார வேண்டும் என்பதற்காக நடந்த பயிற்சி. அங்கே சொன்னதில் ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்: "உங்க ஆளுங்களுக்கு மட்டும் பேசுறவங்கன்னு பேர் வாங்கிடாதீங்க."

பயிற்சி முடிந்ததும் மாவட்ட வாய்நலக் குழுவில் இடம் கிடைத்தது. முதல் கூட்டம் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில். புகையிலை போடுகிறவர்களின் வாயைப் பார்த்து, புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்க ஒரு வண்டி இடம் இடமாகப் போகும். எங்கே, என்றைக்கு என்பதுதான் பேச்சு.

"அடி அண்ணாமலைக்குப் பௌர்ணமி அன்னிக்கு வேணாங்க. கிரிவலக் கூட்டத்துல வண்டி நகராது, ஊர்க்காரங்களும் கடையை வுட்டு வரமாட்டாங்க," என்றாள் குழுவில் இருந்த, அந்த ஊரையே சேர்ந்த இன்னொரு பல் மருத்துவர் வேதா. எல்லாரும் தலையாட்டினார்கள். வேதா தன் ஆட்களுக்காகப் பேசுகிறாள் என்று யாருக்காவது தோன்றியதா? அதெல்லாம் இல்லை.

அடுத்தது நூரைனின் தெரு. "வெள்ளிக்கிழமை மதியம் மசூதி வாசல்ல நிறுத்திடலாம். எல்லாரும் அங்கதான் இருப்பாங்க," என்றார் குழுத் தலைவர் ஆதிமூலம். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அந்த நேரத்தில் ஜும்மா தொழுகைக்கு அங்கே இருக்கிற எல்லாரும் ஆண்கள். வீட்டுக்குத் தெரியாமல் புகையிலை அடக்குகிற பெண்கள் அந்த வாசலில் வந்து வாயைக் காட்டவே மாட்டார்கள். நூரைனுக்கு இது நன்றாகவே தெரியும். வார்த்தை தொண்டை வரை வந்தது. முதல் கூட்டத்திலேயே தன் தெருவுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்துவிட்டால்?

"சரிங்க சார்," என்றாள். அப்புறம் செங்கம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி மணிமணியாகப் பேசினாள். கைதட்டினார்கள். பாவி, அந்தக் கைதட்டலில் மயங்கியும் போனாள்.

மழைக்காலம் முடிந்த சமயம், சித்தப்பாவின் மனைவி மஹ்பூபா அவள் கிளினிக்குக்கு வந்தாள். முக்காட்டை வாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. கன்னத்தின் உள்பக்கம் புண் தடித்துக் கிடந்தது. கழுத்தில் கட்டி தட்டுப்பட்டது.

"ஏன் சாச்சி, இத்தினி நாள் எங்கிட்ட வரல?"

"உங்கிட்ட வந்தா, நான் புகையிலை போடுறது வூட்ல தெரிஞ்சிடும்மா. முகம் தெரியாத டாக்டருன்னா காட்டிடலாம்னு அந்த வண்டிக்காகக் காத்துனு இருந்தேன். அது ஜும்மா நேரத்துல மசூதி வாசல்ல வந்து நின்னுச்சு. ஆம்பளைங்க எல்லாம் நிக்கிறப்ப எப்பிடி ஏறுவேன்? ஒவ்வொரு தபாவும் ஜன்னல்லேருந்து பாத்துட்டு வுட்டுட்டேன்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போக வேண்டும் என்று நூரைன் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மஹ்பூபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஏம்மா அழுவுற? நீயும் அந்தக் கூட்டத்துல இருந்தியாமே. எவ்ளோ எடுத்துச் சொல்லியிருப்ப! நம்ம பேச்சை அவங்க எங்க கேக்குறாங்க?"

"கேட்டிருப்பாங்க சாச்சி," என்றாள் நூரைன். "நான்தான் சொல்லல."