ஐந்தாவது கோடு வரை டீசல்

தலையில் ஹெல்மெட்டோடு குணாளன் தஞ்சோங் டாவாய் படகுத்துறையின் பலகைகளில் ஓடினான். 'நோரா' என்ற பாய்மரப் படகு கட்டியிருந்த இடம் காலி. வெறும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாகச் சொல்லியிருந்தாள் ஃபெலிசியா. இன்று வெள்ளி.

அக்கரைக்கு ஆள் ஏற்றும் பாக் ஹாசான் கையை மேற்கே நீட்டினார். காற்று நன்றாக இருக்கிறது என்று காலைக் கடலேற்றத்திலேயே கிளம்பிவிட்டாளாம். போய் ஒரு மணி நேரம் ஆகிறதாம். குணாளன் அவர் படகுக்குள் குதித்தான். டீசல் கணக்கு தப்பு, அவளைப் பிடித்தே ஆக வேண்டும் என்றான் மலாயில். மரின் போலீஸிடம் சொன்னால் ரேடியோவில் கூப்பிடுவார்களே என்றார் ஹாசான். குணாளன் அதைக் காதில் வாங்கவில்லை. படகைத் தள்ளிவிட்டான்.

நாற்பது குதிரைசக்தி மோட்டார் உறுமியது. ஆற்றுமுகம் பின்னால் போனது.

ஃபெலிசியாவின் போனை பதினான்கு தடவை அழைத்தாயிற்று. அணைத்து வைத்திருந்தாள். கரையை விட்டால் போனை அணைத்துவிடுவது அவள் வழக்கம்.

அவள் பக்கத்து எஸ்.பி. டவுன்காரி. அடுத்தவர்களின் படகுகளைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். இந்தத் தடவை இலங்கைக்கு, திருகோணமலையில் காத்திருக்கும் ஒரு டாக்டரிடம். ஆறு வருடம் ஆற்றில் சும்மா கிடந்த நோராவை உயிர்ப்பிக்க, பீடோங்கில் எஞ்சின் கடை வைத்திருந்த குணாளனைத் தேடி வந்தாள். ஆறு மாத வேலை.

நாற்பத்து மூன்று அடி. பதினேழு டன். தொண்ணூறு குதிரைசக்தி டீசல் எஞ்சின், இரண்டு பாய்மரம். காற்றிருந்தால் பாய், காற்று செத்தால் எஞ்சின். மணிக்கு ஆறரைக் கடல் மைல் வேகத்தில் மணிக்கு ஏழு லிட்டர் குடிக்கும். மழையோ வெயிலோ, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒற்றை ஆளாக ஓட்டலாம். ஒற்றை ஆளாக. அந்த ஒன்றுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. கூட ஒரு ஆள் வேண்டும் என்று அவள் சொல்லமாட்டாளா என்று ஆறு மாதமாக எதிர்பார்த்தான். அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

நோராவுக்கு இன்னொரு குணம். தண்ணீருக்குள் ஆறடிக்கு மேல் இறங்கி நிற்கும். பெரிய ஏற்றம் வரும் சில நாட்களில்தான் ஆற்றுமுகத்து மணல்திட்டைத் தாண்டும். ஞாயிறு தப்பினால் அடுத்த ஏற்றத்துக்கு இரண்டு வாரம். அதற்குள் இந்தப் பருவக் காற்று ஓய்ந்துவிடும். பிறகு டிசம்பர்தான்.

ஹாசான் முன்னால் கை காட்டினார். பூலாவ் பீடான் தீவுக்கு அப்பால் வெள்ளையாக ஒரு பாய்.

தப்பு டிப்ஸ்டிக்கில், தொட்டியில் டீசல் எவ்வளவு என்று விட்டுப் பார்க்கும் அளவுக்கம்பியில். பழையது தொலைந்துபோனதால் குணாளனே பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்தான். கரங்கான் எஸ்டேட் டிராக்டர் ஷெட்டில் பன்னிரண்டு வருடம் பழகிய கை. தொட்டியின் ஆழத்தை அளந்து பத்தாகப் பிரித்து, சமமாகப் பத்துக் கோடு போட்டான். ஷெட்டில் டீசல் தொட்டி என்றால் பெட்டி. ஐந்தாவது கோடு என்றால் பாதி. நோராவின் தொட்டியோ தரைப்பலகைக்கு அடியில். மேல்மூடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஒழுகிய குழாய் ஒன்றை இறுக்கப் பக்கவாட்டில் ஊர்ந்து நுழைந்தபோதுதான் தொட்டியின் சுவர் கையில் பட்டது. சரிந்துகொண்டே கீழே போனது. அடியில் கத்தி முனைபோல் ஒடுங்கியது.

ஐந்தாவது கோட்டில் இருப்பது அறுநூறு லிட்டர் இல்லை. முந்நூறு.

பாரம் கூடினால் பாய் ஓட்டம் கெடும், பாதித் தொட்டி போதும் என்று கணக்குப் போட்டவள் அவள். வழியில் காற்றில்லாத ஐந்நூறு மைல் இருக்கிறது. அங்கே போய்த்தான் எஞ்சினைப் போடுவாள். முதல் கோடு இறங்கப் பதினைந்து மணி நேரம். கடைசிக் கோடு இறங்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. நடுக்கடலில், காற்றும் இல்லாமல், எஞ்சினும் இல்லாமல்.

நோராவின் பக்கம் உரசி நின்றார்கள். ஃபெலிசியா பாயைத் தளர்த்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஹெல்மெட் போட்டுக்கிட்டு கடலுக்கு வந்த மொத ஆளு நீதான்லா, குணா."

அவன் சிரிக்கவில்லை. ஏறி, கூண்டுக்குள் போய், எல்லாவற்றையும் சொன்னான். அவள் பென்சிலை எடுத்தாள். முந்நூறை ஏழால் வகுத்தாள். நாற்பத்து மூன்று மணி நேரம். இருநூற்று எண்பது மைல்.

பிறகு கடல் வரைபடத்தைத் திருப்பி வைத்தாள். லங்காவியில் இன்று சாயங்காலமே டீசல் நிரப்பிவிடலாம், காலையில் கிளம்பினால் காற்று இன்னும் இருக்கும் என்றாள். ஒரு ராத்திரிதான் தாமதம். குரலில் வருத்தமில்லை, அவசரம்தான் இருந்தது. குணாளன் தலையாட்டினான். திரும்பி ஆற்றுக்குள் வர வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கும்போது அவள் கை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. ஆறு மாதத்தில் முதல் தடவை.

"நீ வரலன்னா நான் நடுக்கடல்ல கெடந்திருப்பேன். தெரியும்ல?"

"தெரியும், கேப்டன்."

"லங்காவி வரைக்கும் வாயேன். டீசல் ஊத்தற வரைக்கும் கூட இரு."

கீழே ஹாசான் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார். தூரத்தில் ஜெராய் மலை நீலமாக நின்றது. இதற்காகத்தான் ஆறு மாதம். பதில் சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள். கோபமாக இல்லை, கணக்கை முடித்துவிட வேண்டும் என்பதுபோல.

"ஆமா, அந்தக் குழாய இறுக்க எப்ப உள்ள போன? இன்னைக்குக் காலையிலயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவள் கை இன்னும் மணிக்கட்டில் இருந்தது. குணாளன் காப்பியைக் கீழே வைத்தான்.

"செவ்வாய்க்கிழமை, கேப்டன். ஞாயித்துக்கிழம கெளம்பற நேரத்துல சொல்லி, ஏத்தத்தத் தப்ப விடலாம்னு இருந்தேன்."