மூன்று நாள் வாய்க்கட்டு

அச்சக ஃபோர்மேனுக்குக் கீழ்த்தாடையில் நாலு பல்லைப் பிடுங்கித் தையல் போட்டு அனுப்பினார் பல் டாக்டர். "மூணு நாளைக்குப் பேசவே கூடாது. பேசினா தையல் பிரிஞ்சு ரத்தம் வரும்" என்று அவர் சொன்னபோது ஃபோர்மேனின் மனைவிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக யாராலும் ஆகாத காரியத்தை அந்த மனுஷன் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவருடையது. வீட்டில் சீப்பைத் தேடினாலும் அடுத்த தெருக்காரன் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பான்.

வாய்தான் அடைத்ததே தவிர அதிகாரம் அடங்கவில்லை. ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்க, கட்டிலில் சாய்ந்தபடி பழைய நாள்காட்டித் தாள்களின் முதுகில் பென்சிலால் எழுதி எழுதி நீட்டினார். 'ஐஸ்.' 'ஜன்னலைச் சாத்து.' 'மாத்திரை எங்கே?' கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரால் கட்டில் சட்டத்தில் தட்டினார்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அச்சகத்திலிருந்துதான். நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். கஞ்சியோடு அறைக்குள் வந்தவளிடம் தாள் நீண்டது. 'போனில் யார்? என்ன சொன்னார்கள்?'

கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். ஒரு சேதியைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது இவ்வளவு சுலபமா? அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு அந்தக் கேள்வியின் கீழே அழுத்திக் கோடு போட்டார்.

"அன்னிக்கும் போன் வந்துச்சு இல்லையா?" என்றாள். அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "எங்கப்பா கடைசி மூச்ச இழுத்துக்கிட்டிருக்கார்னு என் தம்பி காலையில பத்து மணிக்குக் கூப்பிட்டான். நீங்கதான் எடுத்தீங்க. ராத்திரி உங்க மேனேஜர் சாப்பிட வர்றார், பிரமோஷன் பேசணும்னு எங்கிட்ட மூச்சு விடல. நான் பாட்டுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பரிமாறினேன். மறுநாள் சொன்னீங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. போன் எப்ப வந்துச்சுன்னு தம்பி அங்கதான் சொன்னான். பதினாலு வருஷமா இதைக் கேக்கணும்னு இருக்கேன். வாயெடுத்தா நீங்க கத்துவீங்க. இப்பச் சொல்லுங்க. எழுதியாவது சொல்லுங்க. எப்படிங்க மனசு வந்துச்சு?"

அவர் அவளையே பார்த்தார். கண்ணில் கோபம்கூட இல்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். மெதுவாக எழுதி, தாளைத் திருப்பி நீட்டினார்.

'கஞ்சியில் உப்பு இல்லை.'

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துப்போய்க் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். உள்ளே டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி கேட்டது. தம்பி வீடு, மகள் குடியிருக்கும் ஊர் என்று போகக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எங்கே போனாலும் ஒரு வாரத்தில் "எப்பக் கிளம்புறே?" என்று கேட்பார்கள். எழுந்து உள்ளே போய் வேறு கஞ்சி வைத்தாள். உப்புப் போட்டாள். அவர் ஒட்ட வழித்துக் குடித்தார்.

நாலாம் நாள் காலையில் அவள் குப்பைக் கூடையோடு படியிறங்கும்போது மேலேயிருந்து முழங்கியது: "ஏய்! எங்கே தொலைஞ்சே?"

கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து சிரித்தாள். "சத்தம் கேக்குதே, சாருக்குக் குணமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு" என்றாள் அவள். கூடையைக் குப்பைத் தொட்டியில் தட்டிக் கொட்டிவிட்டு, அவசரப்படாமல் படியேறினாள்.