நூற்று முப்பதுக்கு மேல்

ஃபோஸ்காம்ப் முதலில் வலது காலை உள்ளே விட்டுப் பார்த்தார். முழங்கால் இடித்தது. காலை வெளியே இழுத்துக்கொண்டு, திரும்பி நின்று, பின்பக்கத்தை முதலில் இறக்கிப் பார்த்தார். கார் அவ்வளவு தாழ்வு. அவரோ நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். கறுப்பு கோட்டு, கறுப்பு டை, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த கலசம். கலசத்துக்குள் லூபெர்ட்டின் சாம்பல்.

"அத இப்படிக் குடுங்க. மொதல்ல நீங்க ஒழுங்கா ஏறுங்க" என்றாள் கெசீனே.

"அது முடியாதும்மா. மண்ணுல எறக்கற வரைக்கும் இது என் கைய விட்டுப் போகக்கூடாது. சட்டம்."

"அவரு எங்க ஓடிப்போயிடப் போறாரு?"

ஃபோஸ்காம்ப் கலசத்தை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். ஊரில் யார் செத்தாலும் அடக்கத்தை எடுத்து நடத்துகிறவர் அவர். தாழ்ந்த குரலில் பேசிப் பேசியே முடி நரைத்தவர். கடைசியில் தலையைக் குனிந்து, கலசத்தோடு தொப்பென்று இருக்கையில் விழுந்தார். விழுந்த பிறகு கால்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

தகன மையத்தின் வாசலில் அவருடைய நீளமான கறுப்பு வண்டி சும்மா நின்றது. அதில்தான் போயிருக்க வேண்டும். "அவரு தன் வண்டியிலதான் வருவாரு, நான் ஓட்டறேன்" என்று கெசீனே போன வாரமே சொல்லிவிட்டாள். ஃபோஸ்காம்ப் காதைச் சொறிந்தார். "கலசம் என்கிட்ட இருக்கணும்னுதான் சட்டம். எந்த வண்டின்னு அதுல சொல்லல" என்றார் கடைசியில்.

மகன் ஓன்னோதான் குதித்தான். இன்று காலையில்கூட போனில், "அம்மா, நீ ஆட்டோபான் நெடுஞ்சாலையில ஓட்டினதே கெடையாது! கடைக்கும் டாக்டர்கிட்டயும் போறதும் இதுவும் ஒண்ணா? திங்கக்கிழமை அந்த ஆளு காரை வாங்கிட்டுப் போக வரான், ஒரு கீறல் விழுந்தா என்ன பண்றது?" என்றான். கெசீனே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிட்டாள். அவளுக்கு இருந்த கவலையே வேறு. இன்று அடக்கம். புருஷன் லூபெர்ட் செத்து மூன்று வாரம் ஆகிறது. அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை.

லூபெர்ட் வாழ்நாள் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக் போட்டே வயசானவன். ஓய்வு பெற்றதும் போய் வாங்கினான் பாருங்கள், இரண்டே இரண்டு பேர் உட்காரும் புத்தம் புதிய பந்தயக் கார். துணிக் கூரை, பொத்தானை அழுத்தினால் மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏன் இந்தக் கார் என்று கேட்டால் ஒரே பதில்: "ஓட்டிப் பாத்தேன். சத்தமே இல்ல. சர்ச்சுக்குள்ள உக்காந்த மாதிரி இருந்துச்சு."

சத்தமே இல்லையாம்! முதல் நாளே கெசீனேவின் மண்டை வெடித்தது. கூரையை மூடினால், ஜன்னல் கண்ணாடியும் துணியும் சேருகிற மூலையில், நூறைத் தாண்டியதும் விசில் ஆரம்பிக்கும். திறந்தாலோ கேட்கவே வேண்டாம், நூற்று முப்பதில் பிடரியில் காற்று இரையும். பக்கத்தில் இருப்பவன் வாய் அசைவது மட்டும் தெரியும்.

"காத்து கத்துது, லூபெர்ட்!"

"என்ன?"

"காத்து!"

"ஆமா, நல்ல காத்து!"

விஷயம் ஒன்றுமில்லை, மனுஷனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அதை ஒத்துக்கொள்ள மாட்டான். அவள் பொறுக்காமல் கார் விற்ற கடைக்கே அவனை இழுத்துப் போனாள். விற்பனைக்காரன் அவளை உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, துணிக் கூரை என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று காது சிவக்கச் சொன்னான். லூபெர்ட் வெற்றியோடு அவளைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டியா? அவருக்கும் ஒண்ணும் கேக்கலையாம்!"

வீட்டிலும் அவள் கத்திச் சொன்னதில்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் அல்மூட். ஊர்க் கட்டுப்பாடு வேறு: மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை யாரும் சத்தம் போடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் கூடாது. புல் வெட்டும் இயந்திரத்தைத் தொடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, காலி பாட்டிலைக்கூடத் தொட்டியில் போடக்கூடாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த கெசீனே கிட்டே போய், அவன் காதோரம், ஒரே விஷயத்தை மூன்று தரம் சொல்வாள். குரலை உயர்த்தியதே இல்லை.

கடைசியில் அவனைக் காது மிஷின் கடைக்கும் அவள்தான் இழுத்துப் போனாள். போட்டுப் பார்த்துப் பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கொடுத்தார்கள். வீட்டில் கரண்டி சத்தம் காதைக் குடைகிறது என்று அவன் கழற்றி எறிந்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைக்கு மீன் சாப்பிடக் கிளம்பும்போது, அவளே இரண்டு காதிலும் மாட்டிவிட்டாள்.

கூரை திறந்திருந்தது. நூற்று முப்பதில் லூபெர்ட்டின் முகம் மாறியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். அவளைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அடுத்த சாலையோர ஓய்விடத்தில் வண்டியை ஒடித்து நிறுத்தினான்.

"கெசீனே. இதையா நீ இத்தன நாளா கேட்டுட்டிருந்த?"

"இப்பவாவது புரிஞ்சுதா?" என்றாள் அவள். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். வாழ்க்கையில் ஒரு சண்டையிலாவது ஜெயித்தாயிற்று.

அவன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "அடிப்பாவி! இவ்வளவு நல்ல சத்தத்த நீ ஒருத்தியே வெச்சு அனுபவிச்சிருக்க!"

அதற்கப்புறம் அவன் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! நூற்று எண்பது. டவுன் பஸ் டிரைவர் வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டு பறந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பயத்திலும் சிரிப்பு வந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

திரும்பி வந்து கொட்டகையில் வண்டியை நிறுத்தினான். "நீ போ, நான் ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு வரேன்" என்றான். அவள் உள்ளே போய்க் காபி போட்டாள். கோப்பைகளை எடுத்து வைத்தாள். அவன் வரவில்லை. வெளியே வந்து, "லூபெர்ட்" என்று கூப்பிட்டாள். காதில் மிஷின் இருக்கிறதே என்று சாதாரணக் குரலில்தான் கூப்பிட்டாள். இரண்டாம் தரமும் சாதாரணமாகத்தான். கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவள் வாயைத் திறந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அல்மூட் குடும்பத்தோடு கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. கெசீனே வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் ஆம்புலன்சுக்கு போன் செய்தாள்.

எல்லாரும் மெச்சினார்கள். எவ்வளவு நிதானம், எவ்வளவு கண்ணியம்! "ஒரு சத்தம் கேக்கலியே! நான்னா ஊரைக் கூட்டியிருப்பேன்" என்று அல்மூட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அன்று வாயில் மூடியது அப்படியே தொண்டையில் நின்றுவிட்டது. ராத்திரி தலையணையைக் கடித்துப் பார்த்தாள், வரவில்லை. இன்றைக்கு இரண்டு மணிக்கு அவனை மண்ணில் வைத்துவிடுவார்கள். அதற்குள் வராவிட்டால் இனி எப்போதும் வராது என்று பயந்தாள்.

இப்போது கூரையை மூடிக்கொண்டுதான் கிளம்பினாள். நெடுஞ்சாலையில் ஏறும்போது உள்ளங்கை வேர்த்தது. எண்பது. ஒரு லாரி அவளைத் தாண்டிப் போனது. நூறு. அதைத் தாண்டினாள். விசில் ஆரம்பித்தது.

ஃபோஸ்காம்ப் ஜன்னலைத் தடவிப் பார்த்தார். "கண்ணாடி சரியா மூடலையோ?"

"மூடிதான் இருக்கு. அது அப்படித்தான்."

"இது புது வண்டிதானே?"

"புத்தம் புதுசு" என்றாள் கெசீனே. இந்த விசிலைக் கேட்ட இன்னொரு மனிதக் காது! லூபெர்ட் இருந்திருந்தால் இப்போதே சாட்சி சொல்ல வைத்திருப்பாள். அந்த நினைப்பில் தொண்டையில் ஏதோ அசைந்தது. "லூபெர்ட்" என்றாள், உதட்டுக்குள்ளேயே.

"என்னம்மா சொன்னீங்க?" ஃபோஸ்காம்ப் உடனே திரும்பினார்.

அசைந்தது மறுபடி அடைத்துக்கொண்டது. அடுத்த ஓய்விடத்தின் பலகை வந்ததும் அவள் வண்டியை உள்ளே விட்டாள்.

"கூரையத் தெறக்கப் போறேன்."

"அம்மா..." ஃபோஸ்காம்ப் கலசத்தைப் பார்த்தார். "இது... காத்து..."

"மூடி இறுக்கமாதானே இருக்கு?"

"உள்ள முத்திரை வெச்சிருக்கு."

"அப்புறம் என்ன?"

பொத்தானை அழுத்தினாள். துணி மடிந்து பின்னால் போனது. அக்டோபர் வானம் முழுக்கத் தலைக்கு மேல் வந்தது.

எண்பதில் காற்று சட்டைக் காலரைப் பிடித்து அடித்தது. நூற்றுப் பத்தில் இன்ஜின் சத்தம் காணாமல் போனது. ஃபோஸ்காம்பின் டை தோளுக்குப் பின்னால் பறந்தது, அதைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை. நூற்று முப்பதைத் தாண்டியதும் உலகத்தில் வேறு சத்தமே இல்லை. காற்று மட்டும்தான். கெசீனே மறுபடி "லூபெர்ட்" என்றாள். அவள் காதுக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாகச் சொன்னாள். கேட்கவில்லை. அப்புறம் வாயைத் திறந்தாள்.

"லூபெர்ட்! மடப்பய கெழவா! ரெண்டு நிமிஷம்னு சொன்னியே! காபி போட்டு வெச்சேனே!"

நூற்று ஐம்பது.

"ஒத்தையில உக்காந்து செத்தியே! பக்கத்துல நான் இருந்திருக்கணும்டா! கூப்பிட்டிருக்கக் கூடாதா? ஒரு தடவ கெசீனேன்னு சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னத்துக்கு உள்ள போனேன்? என்னத்துக்குப் போனேன்!"

அதற்குமேல் சொல் வரவில்லை. மூன்று வாரமாக அடைத்திருந்தது அப்படியே வந்தது. அடிவயிற்றிலிருந்து ஓவென்று வந்தது. கண்ணில் வந்த தண்ணீரைக் காற்று காதுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அவள் வீறிட்டாள், மூச்சு வாங்கினாள், மறுபடி வீறிட்டாள். அல்மூட் இல்லை, சுவர் இல்லை, வேலி இல்லை. ஒரு பெரிய கறுப்புக் காரைத் தாண்டும்போது அதில் இருந்தவன் வாயைப் பிளந்து பார்த்தான். பார்க்கட்டும்!

ஊருக்குப் பிரிகிற வழி வந்துவிட்டது. நீலப் பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. கெசீனேவுக்கு இன்னும் முடியவில்லை. கை மட்டும் பழக்கத்தில் திரும்புகிற விளக்கைப் போட்டது. அடக்கம் இரண்டு மணிக்கு. பாதிரியார் நிற்பார், ஊரே நிற்கும். இந்த ஊரில் நேரம் தவறியவளைச் செத்தாலும் மறக்க மாட்டார்கள்.

ஃபோஸ்காம்ப் குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, மண்ணுக்குப் போகும்வரை கலசத்தை விடக்கூடாத இரண்டு கையில் ஒன்றை எடுத்து, நேராக முன்னால் காட்டினார்.

அவள் விளக்கை அணைத்தாள். நூற்று எண்பது. கிளைச்சாலை வலப்பக்கம் ஓடி மறைந்தது. அடுத்த பிரிவுவரை அத்தனை தூரத்துக்கும் கெசீனே அழுதாள். அழுகைக்கு நடுவில் எப்போது சிரிக்க ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வேகம் காட்டுகிற முள் நடுங்காமல் நின்றது. வண்டி அவள் கையில் அம்பாகப் போனது. அவள்தான் ஓட்டினாள். "நல்ல சத்தம்தான்டா!" என்று கத்தினாள். "நல்ல சத்தம்தான், ஒத்துக்கறேன்!"

கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்கு வந்தபோது கறுப்பு உடையில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். பாதிரியார் கடிகாரத்தைப் பார்ப்பதை அவசரமாக நிறுத்தினார். ஓன்னோ ஓடி வந்தான்.

"அம்மா! எங்கம்மா போன? எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? நான் போலீஸுக்கே போன் பண்ணலாம்னு..."

கெசீனே வாயைத் திறந்தாள். கரகரவென்று காற்றுதான் வந்தது.

"கொரல் என்னாச்சு?"

ஃபோஸ்காம்ப் காரிலிருந்து தன்னை ஒவ்வொரு துண்டாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். "காத்துதான் தம்பி" என்றார் தன் தாழ்ந்த குரலில். "பொறப்பட்டதுலேர்ந்து ஒரே காத்து."

"வழியில ஏதாவது சொன்னாங்களா?"

"நூத்தி முப்பதுக்கு மேல அந்த வண்டியில ஒண்ணுமே கேக்காது."

ஓன்னோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். கீறல் இல்லை. "சரி, திங்கக்கிழமை அந்த ஆளு வரும்போது..."

"வர வேண்டாம்னு சொல்லிடு" என்றாள் கெசீனே. கிசுகிசுப்பாகத்தான் வந்தது. அவனுக்குக் கேட்டுவிட்டது.

ஃபோஸ்காம்ப் கலசத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒரு கையால் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைப் படிய வாரினார். டையை நேராக்கினார். பிறகு யாரும் பார்க்காதபடி சீப்பை அவள் பக்கம் நீட்டினார். கெசீனே வேண்டாம் என்று அவர் கையை மெல்லத் தள்ளினாள். அல்மூட் வரிசையிலிருந்து விலகி வழிவிட்டாள். மணி அடித்தது. தலைமுடி முழுக்க வானத்தைப் பார்த்து நட்டுக்கொண்டு நிற்க, கெசீனே கலசத்துக்குப் பின்னால் முதல் ஆளாக நடந்தாள்.