அடுப்பை அணைத்தது யார்

செங்கம்மா பப்பு அண்டாவின் ஒரு காதைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். பிரேமலதா மறு காதை விடவில்லை. இருவருக்கும் நடுவில் நாற்பது பேருக்கான பருப்பு தளும்பியது.

"விடும்மா. சாவு வூட்டு அடுப்புல வெந்தத வச்சிக்கினு என்னா பண்ணப் போற? கால்வாயில ஊத்திட்றேன்."

"நைனா உசுரோட இருக்கசொல்லோ வெந்துது அத்த."

"யாரு பாத்தா? எந்தம்பிக்கு உசுரு எப்ப போச்சின்னு கேட்டா அஞ்சரன்ற, ஆறுன்ற. ஐயரு நட்சத்திரம் பாக்கணும்ன்றாரு. அவருக்கு இன்னா பதில் சொல்றது?"

பிரேமலதா அண்டாவை உள்ளே இழுத்து, சமையல்கட்டில் கொண்டுபோய் வைத்தாள். அவளுக்கே தெரியவேண்டியதும் அதுதான். தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்றார். நேரம் கேட்டதற்கு, அரை மணி முன்னே பின்னே இருக்கும் என்று கைகழுவிவிட்டார்.

முன்கட்டுதான் கடை. கண்ணாடி அலமாரியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஐஸ் பெட்டியை வைத்திருந்தார்கள். பிரேமலதாவின் அப்பா கங்கையா அதில் சவரம் செய்யாத முகத்தோடு படுத்திருந்தார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தெருவில் ஒரு காலத்தில் ஏழு கர்ரீஸ் பாயிண்ட் இருந்தன. உட்கார்ந்து சாப்பிட நாற்காலி கிடையாது, சோறும் கிடையாது. பப்பு, ரசம், பொரியல் எல்லாம் கவரில் கட்டிக் கொடுப்பார்கள். "சோறு உங்க வூட்ல, மிச்சம் எங்கிட்ட" என்பார் கங்கையா. ரூமில் தங்கிப் படிக்கிற பையன்கள், வேலைக்குப் போகிற புருஷன் பெண்டாட்டிகள், தனியாய்க் கிடக்கிற வயசானவர்கள் என்று பதினோரு மணிக்கெல்லாம் வரிசை நிற்கும். பிறகு ஷவர்மா வந்தது, மோமோ வந்தது, முதுகில் பெட்டி கட்டிய டெலிவரி வண்டிகள் வந்தன. ஆறு கடைகள் மூடிவிட்டன. மிஞ்சிய கங்கையா பெரிய அண்டாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டுச் சின்ன அண்டாவில் சமைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் பிரியாணிக் கம்பெனிக்காரன் ஒருவன் கடையைக் கேட்டு வந்தான். பார்சல் கவுண்டர் போடுகிறானாம். பிரேமலதா அப்பனைக் கேட்காமலே சரி என்றுவிட்டாள். கோபம் வந்தால் கத்துகிற மனிதரென்றால் சமாளித்திருக்கலாம். கங்கையா வாயைத் தைத்துக்கொள்கிற ரகம். நாலு நாள் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாளான நேற்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்தும் விடியாமல் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். பப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்போரம் நின்று சொன்னாள்.

"நைனா, கடைய யாருக்கும் குடுக்கல. அவங்கிட்ட போன்ல சொல்லிட்றேன். நீயே வச்சி நடத்து. போதுமா?"

அவர் திரும்பவில்லை. இன்னும் வீம்பு தீரவில்லை, ஒரு காபி குடித்தால் தீரும் என்று பால் வாங்கப் போனாள். வந்து பார்த்தபோது அடுப்பு அணைந்திருந்தது. தோளைத் தொட்டாள். அவர் அப்படியே சரிந்தார்.

காலையிலிருந்து மண்டையைக் குடைவது இதுதான். அடுப்பை அணைத்தது யார்? அவர் அணைத்திருந்தால் அவள் சொன்னது காதில் விழுந்திருக்கிறது, மனசாறிப் போயிருக்கிறார். பால் வாங்கப் போகும்போது பழக்கதோஷத்தில் அவளே அணைத்திருந்தால் சுவரிடம்தான் பேசியிருக்கிறாள். குமிழைத் திருகியது விரலில் நினைவிருந்தது. அது இன்றைக்கா, நேற்றைக்கா என்றுதான் பிடிபடவில்லை.

பதினோரு மணிக்கு வாசலில் ரத்னம்மா டீச்சர் வந்து நின்றாள். ரிட்டயரான நாளிலிருந்து தினமும் பப்பு வாங்குகிறவள். கையில் அதே எவர்சில்வர் டப்பா.

"இன்னிக்கு கட இல்ல டீச்சர். நைனா..." என்று ஆரம்பித்தாள் பிரேமலதா.

"தெரியும்மா. இது உங்க வூட்டுக்கு." டீச்சர் டப்பாவைத் திறந்தாள். ஆவி பறக்கும் சோறு.

அவளுக்குப் பின்னால் எதிர்மாடி ரூமில் இருக்கும் சாய்குமார் நின்றான். எலக்ட்ரிக் குக்கரின் உள்பாத்திரத்தைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தான். அதிலும் சோறு.

"எங்க ரூம்ல சோறு மட்டுந்தான் ஆக்கத் தெரியும்க்கா," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "கொழம்பு உங்க நைனாதான்."

இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லார் கையிலும் சோறு. பிரேமலதாவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

சத்தியவேட்டிலிருந்து செங்கம்மாவோடு பஸ்ஸில் வந்த பிள்ளைகள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. செங்கம்மாவே சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு கிறுகிறுத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். பொணம் எடுக்க மூணு மணி ஆகும். அதுவரை அடுப்பு மூட்டக்கூடாது. சோற்றைப் பார்த்தாள், தம்பி மகளைப் பார்த்தாள்.

"வெறுஞ்சோத்த எப்பிடித் துன்னும் புள்ளைங்கோ? நெசத்த சொல்லு. எந்தம்பி உசுரோட எறக்கினதுன்னா போடு. இல்லன்னா வாணாம்."

அப்போதுதான் பிரேமலதாவுக்கு உப்பு ஞாபகம் வந்தது. முன்னாலேயே உப்பைப் போட்டால் பருப்பு குழையாது என்பார் நைனா. அடுப்பை அணைத்த கையோடு மூன்று பிடி கல்லுப்பைப் போடுவார். ஒரு நாளும் தவறியதில்லை.

உள்ளே ஓடினாள். பப்பு ஆறி மேலே ஏடு கட்டியிருந்தது. கரண்டியால் எடுத்து நாக்கில் வைத்தாள்.

உப்பில்லை.

இன்னொரு தரம் அடியிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தாள். இல்லை. அவர் கேட்கவில்லை. கோபத்தோடேதான் போயிருக்கிறார். கரண்டியை மேடைமேல் வைத்தாள்.

பிறகு உப்பு ஜாடியைத் திறந்தாள். ஒரு பிடி, இரண்டு, மூன்று. அவர் கை பெரியது. இன்னும் அரைப் பிடி போட்டுக் கலக்கினாள். அண்டாவை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நைனாதான் எறக்குனாரு அத்த. உப்பெல்லாம் போட்டு வச்சிட்டுதான் ஒக்காந்துகினு இருந்தாரு."

செங்கம்மா தட்டை நீட்டினாள். பிள்ளைகளுக்குப் போடுமுன் தான் பார்க்கவேண்டும் என்று ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தாள். கரையாத உப்புக்கல் ஒன்று அவள் பல்லில் நறுக்கென்று கடிபட்டது. மெல்லுவதை நிறுத்தினாள். நிமிர்ந்து தம்பி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

அப்புறம் விழுங்கிவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினாள்.

"இன்னொரு கரண்டி ஊத்து," என்றாள். "புள்ளைங்கள வரச்சொல்லு."