தாம்பாளத்தில் கொடுத்த ஃபீஸ்

அப்பீல் ஜெயித்துவிட்டது, வீட்டு வரி பாதியாகக் குறைந்துவிட்டது என்று வக்கீல் லக்ஷ்மிகாந்த் போனில் சொன்னபோது சத்யபாமா அடுப்பைக்கூட அணைக்கவில்லை. ஜெயித்து என்ன? குதிக்க வேண்டிய மனுஷர், அவள் கணவர் சேஷு, போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அம்மா போட்ட இரண்டு வளையல்தான். வீட்டை மதிப்பிட்டுக் கோர்ட்டில் சாட்சி சொன்ன காட்டூர் பாக்கியநாதனுக்குக் கொடுக்க, அவற்றைத்தான் சேஷு அடகு வைத்தார். இருபதாம் தேதி ஏலம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்த ஃபீஸை எதிர்த்தரப்பான நகராட்சியிடமே கேட்டு வாங்கலாம், ரசீது மட்டும் கொண்டு வாங்கோ மாமி என்றார் லக்ஷ்மிகாந்த்.

ரசீதுக்கு எங்கே போவது? பாக்கியநாதன் இரண்டு நாள் வீட்டை அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, முடிகிற இடத்திலெல்லாம் சுவரில் பென்சிலால் கோடு போட்டபடி சேஷுவும் கூடவே நடந்தார். அப்படி ஒரு உற்சாகம்! கடைசியில், படித்தவருக்குக் கூலி கொடுப்பதாவது என்று, வெற்றிலை பாக்கு பழத்தோடு தாம்பாளத்தில் இருபத்தையாயிரத்தை வைத்து நீட்டினார். இது ஃபீஸ் இல்லை, சம்பாவனை என்றார். அந்த அசட்டு மரியாதையை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

வளையல் ஏலத்தையும் ரசீதையும் பற்றி அவள் போன் பண்ணிச் சொன்னதும் சாயங்காலமே பாக்கியநாதன் வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஃபீஸ் வாங்கினீர்களா என்று கோர்ட்டில் கேட்டார்களாம். பின்னால் சேஷு உட்கார்ந்திருந்தாராம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை ஃபீஸ் என்று சொல்ல வாய் வரவில்லையாம். இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

"இப்ப எழுதித் தரேம்மா" என்று ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

"எழுதினா உங்களுக்கு என்ன ஆகும்?"

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னேன்னு ஆகும். தொழில் போயிடும். உங்க தீர்ப்பும் நிக்குமான்னு தெரியலம்மா. ஆனா உங்க வளையல் போகக் கூடாது."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் எழுதிக் கையெழுத்தும் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

சேஷு இருந்தால் அதை அடுப்பில் போடத்தான் சொல்வார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் ஆத்திரமாக வந்தது. செத்தும் வளையலைக் கேட்கிறார் பாவி மனுஷர். ரசீதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நிலைக்குப் பக்கத்தில், டேப் முடிந்த இடத்தில், அந்தப் பென்சில் கோடு அப்படியே இருந்தது. வளையல் இல்லாத வெறுங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பால் பொங்கத் தொடங்கியிருந்தது.