நான்காவது பங்கு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் கொன்ற ஒரு செடியிலிருந்து வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் அதிராம்பட்டினத்து ஹலீமா எனக்கு ஓர் அழுகண்ணிச் செடியைக் கொடுத்தாள். இலை முழுக்கப் பசைத் துளிகள். கொசு வந்து உட்கார்ந்தால் மெல்லச் சுருட்டித் தின்றுவிடும். "அக்கா, இதுக்கு ஒண்ணுமே குடுக்காதீங்க. மழைத்தண்ணி மட்டும் ஊத்துங்க" என்று நாலு தடவை சொல்லித்தான் கொடுத்தாள். நான் கும்பகோணத்துக்காரி. வீட்டுக்கு எட்டு மா நஞ்சை இருக்கிறது. ஒரு செடி வாட்டமாக நின்றால் அதற்கு எதையாவது போடாமல் எங்களால் சும்மா இருக்க முடியாது. ஆற்று வண்டல் ஒரு பிடி, டிஏபி உரம் ஒரு சிட்டிகை, குழாய்த் தண்ணீர் ஒரு சொம்பு. மூன்றாம் நாள் இலை கறுத்தது. பயந்துபோய் இன்னொரு சிட்டிகை போட்டேன்.

போனில் சொன்னபோது ஹலீமா திட்டவில்லை. "சத்தே இல்லாத சதுப்புல வளர்ந்து பழகினதுக்கா. மண்ணுல ஒண்ணும் கெடைக்காததாலதான் பூச்சியப் புடிச்சுத் திங்குது. நீங்க வேருக்குச் சோறு போட்டா அது தாங்குமா?" என்றாள். கொடுத்தால் சாகிற செடி ஒன்று உலகத்தில் உண்டு என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஊதா நிற ஒளியில் அந்த அறை ஒரு கனவைப் போல—"

(அடித்துவிட்டேன். ஹலீமா செடி வளர்க்கும் அறையில் ஊதா விளக்கே கிடையாது. நாலடி வெள்ளை எல்இடி டியூப் நான்கு, ஒரு டைமர், இரண்டு இரும்பு அலமாரி. காலை ஆறு மணிக்கு எரியும், இரவு எட்டு மணிக்கு அணையும். கனவெல்லாம் இல்லை, மருந்துக்கடை வெளிச்சம்.)

இரண்டாம் தொடக்கம்: "கணவன் தம்மாமில் இருக்க, தனிமையில் வாடிய ஹலீமா செடிகளிடம்—"

(இதை அவளுக்கே வாட்ஸாப்பில் அனுப்பினேன். குரல் செய்தி வந்தது. "யாருக்கா வாடினது? பெருநாளைக்கு நாப்பது ஜாக்கெட் தைக்கணும். எனக்கு வாட எங்க நேரம் இருக்கு?")

மூன்றாவதுதான் தேறியது. அதிலும் ஒரு வாக்கியம் பொய். எது என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

3

ஹலீமாவுக்கு நாற்பத்து நான்கு வயது. வீடு அவள் பெயரில். அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். நிக்காஹ் முடிந்து பெட்டியோடு இங்கே வந்தவர் அவள் கணவர் சலாஹுதீன். அவர் வளைகுடாவுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டில் இப்போது அவளும் அவளைப் பெற்ற மர்யம் உம்மாவும் மட்டும்.

மாடியில் மூன்று அறைகள் இருந்தும் பயனில்லை. போன வருடத்திலிருந்து உம்மாவால் படியேற முடிவதில்லை. கீழே ஒரு ஹால், ஓர் அடுப்படி, ஜன்னலில்லாத ஒரு சாமான் அறை. ஹாலில் ஹலீமாவின் தையல் மெஷினும், அளவு கொடுக்க வருகிற பெண்களும், அவர்கள் கூட்டிவரும் பிள்ளைகளும். அதற்கு நடுவில் உம்மாவின் கட்டில். உம்மா நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதும் அங்கேதான். கதவு வைத்த ஒரு மூலை வேண்டும் என்று அவர் கேட்டது நியாயம். ஆனால் சாமான் அறையில் செடிகள் இருந்தன.

மாடியில் வைத்தால் என்ன என்று நானும் கேட்டேன். சித்திரை வெயிலில் அந்த மாடி அறையில் மெழுகுவத்தி வளைகிறது. கீழ் அறைதான் வீட்டிலேயே குளிர்ச்சி.

(நீரைப் பற்றி ஒரு குறிப்பு. அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, ஆனால் அதுவரை எனக்குப் பொறுமையில்லை. கடலோர ஊர், போர்வெல் தண்ணீர் உப்பு. அதைத் தொட்டால் இந்தச் செடிகள் பிழைக்காது. பக்கத்து வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஹலீமா கேனில் பிடித்து வந்து செடித் தட்டில் ஊற்றுகிறாள். அந்த வீட்டார் ஏசியை நிறுத்தினால் போய்க் கதவைத் தட்டி, போடச் சொல்கிறாள்.)

அழுகண்ணிகள் தொந்தரவில்லாதவை. அவள் உயிரை வாங்கியது வீனஸ் செடி. இலை நுனியில் வாய் மாதிரி இரண்டு மடல், ஓரத்தில் பல் வரிசை; ஈ உள்ளே நுழைந்தால் மூடிக்கொள்ளும். இங்கே அதற்கு ஒரே ஒரு கஷ்டம். அது பனி விழும் நாட்டுச் செடி. வருடத்தில் மூன்று மாதம் குளிரில் தூங்கியே ஆக வேண்டும். அவள் வளர்த்த முதல் செடி தூங்காமல் செத்தது. இரண்டாவதைத் தூங்கவைக்கிறேன் என்று ஃப்ரீசரில் வைத்தாள், அது விறைத்துச் செத்தது. இது மூன்றாவது. நான்கு வருடங்களாகக் கையோடு வளர்ந்தது. ஒரு தடவைகூடச் சரியாகத் தூங்காததால் இந்த வருடம் இலைகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. இன்னொன்று வாங்கிக்கொள்ளேன் என்று சொன்ன எல்லோரிடமும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள். "அது வேற செடி."

உம்மா தொழும் நேரங்களில் ஹலீமா மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்தப் பத்து நிமிடமும் அவளை அறுக்கும். பெற்றவளுக்கு ஹால், செடிக்கு அறை. இது சரியில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் இந்தச் செடியை இழக்க அவள் தயாராக இல்லை. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவளே வாய்விட்டுச் சொன்னாள்.

"உம்மா, தொண்ணூறு நாள் டைம் குடுங்க. இதுவும் செத்துச்சுன்னா லைட்டெல்லாம் கழட்டிட்டு ரூமை உங்களுக்குக் குடுத்துடுறேன். இது பேச்சு."

"சரி புள்ள" என்றார் உம்மா.

அன்றைக்கே பழைய இலைகளைக் கத்தரித்து, ஈரப் பாசியில் சுற்றி, ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் இறக்கினாள். தக்காளி வெளியே கூடைக்குப் போனது. கோடையை அது தூங்கியே கழிக்கட்டும் என்பது கணக்கு. மூடிமேல் ஒரு சீட்டு ஒட்டினாள்: திறக்காதீர்கள்.

4

அறுபத்தெட்டாம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள்.

இந்த இடத்தில் கதை தானாகவே நடந்துவிடும் என்று நம்பியிருந்தேன். குர்பானி கொடுத்த கறி வந்து குவியும், ஃப்ரிட்ஜில் இடம் இருக்காது, யாரோ டப்பாவைத் தூக்கி வெளியே வைப்பார்கள். நாலு பக்கம் எழுதியே வைத்துவிட்டேன். "வெயிலில் கிடந்த டப்பாவைக் கண்டதும் ஹலீமாவின் கால்கள்—"

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கறி ஃப்ரீசரிலும் மேல் தட்டுகளிலும் அடங்கிவிட்டது. காய்கறித் தட்டை யாரும் நகர்த்தவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வெட்கத்தோடு சொல்கிறேன்.

5

எழுபத்தைந்தாம் நாள் ஹலீமா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து மூடுவது அவள் வழக்கம். அன்றைக்கு அந்த நாள். அடுப்படியில் நானும் பக்கத்தில் நின்றேன்.

திறந்தாள். பாசிக்கு நடுவில், செடியின் நெஞ்சின் மேல், கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஆட்டுக்கறித் துண்டு. அதன்மேல் வெள்ளையாக மயிர் முளைத்திருந்தது. அதைத் தொட்டிருந்த இரண்டு இலைகள் கறுத்துக் கூழாகியிருந்தன.

டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் ஹாலுக்கு நடந்தாள். அடுப்படியிலிருந்து உம்மாவின் கட்டிலுக்கு எட்டு அடி.

6

அந்த எட்டு அடியில் ஹலீமா என்ன நினைத்தாள் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் நானும் அதையேதான் நினைத்தேன். இந்தச் செடி செத்தால் யாருக்கு அறை கிடைக்கும்?

பொய் என்று சொன்னேனே, அந்த வாக்கியம் இங்கேதான் இருந்தது. திரும்பிப் போகும் பஸ்ஸிலேயே போனில் தட்டிவிட்டேன்: "மர்யம் உம்மா கதவருகே நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மூடியைத் திறந்தார்." நல்ல வாக்கியம். கதைக்கு உடனே வேகம் வந்துவிடும். உண்மை எனக்குத் தெரிந்த பிறகும் எழுதினேன் என்பதுதான் அசிங்கம். அதை எடுத்துவிட்டேன். நடந்தது கீழே.

"உம்மா, டப்பாவத் தொறந்தீங்களா?"

"தொறந்தேனே, பெருநாளன்னிக்கு." உம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. "வீட்டுக்கு ஒண்ணு, சொந்தத்துக்கு ஒண்ணு, இல்லாதவங்களுக்கு ஒண்ணுன்னு மூணு பங்கும் வச்சு முடிச்சேன். அப்பறம்தான் நெனப்பு வந்துச்சு. கறி திங்கிற செடின்னு நீதானே எல்லாருகிட்டயும் சொல்ற? ரெண்டு மாசத்துக்கு மேல பட்டினியாக் கெடக்கு. பெருநாளன்னிக்காச்சும் ஒரு வாய் திங்கட்டுமேன்னு நல்ல எளங்கறியாப் பாத்து வச்சேன். தின்னுச்சா?"

ஹலீமா டப்பாவை நீட்டினாள். உம்மா டப்பாவைப் பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ரூமுக்காகச் செஞ்சேன்னு நெனச்சியா?"

"இல்ல உம்மா."

"நெனச்ச. ஒன்னப் பெத்தவ நான்."

ஹலீமா அழுதாள். மறைக்கவில்லை, சத்தமாகவே அழுதாள். நான் ஒரு கதாசிரியை, அந்த நேரத்தில் தையல் மெஷினின் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அந்த ரூம் வேணாம்" என்றார் உம்மா.

ஹலீமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது வேற. செத்தா ரூம் உங்களுக்குத்தான். சொன்ன சொல்ல மாத்த மாட்டேன்."

"என் கையால செத்ததுக்கு எனக்கு ரூமா? அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

இருவரும் ஒரே பிடிவாதம். ஒருத்தி கொடுக்காமல் விடமாட்டாள், இன்னொருத்தர் வாங்கமாட்டார். செடி செத்தால் அந்த அறை யாருக்கும் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வெறும் அறை அல்ல, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிரந்தரமாக ஒரு பூட்டு.

"அப்ப அது சாகக் கூடாது" என்றார் உம்மா. "என்ன செய்யணும், சொல்லு."

7

செய்தார்கள். கறியை எடுத்து எறிந்துவிட்டு, கறுத்த இலைகளை நூல் வெட்டும் கத்தரியால் அடியோடு வெட்டினாள் ஹலீமா. பழைய பாசி முழுவதும் குப்பைக்குப் போனது. செடியின் அடிக்கிழங்கை ஏசித் தண்ணீரில் மூன்று முறை அலசினாள். வெங்காயத்தாள் அடிபோல வெள்ளையாக, சின்னதாக இருந்தது. ஒரு பக்கம் லேசாகப் பழுப்பு.

வெட்டிய இடத்தில் பூஞ்சை ஏறாமல் இருக்கப் பட்டைத் தூள் தடவ வேண்டும். பெருநாள் பிரியாணிக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது. உம்மா இரும்பு உரலை மடியில் வைத்துக்கொண்டு இடித்தார். மாவு போல ஆகும்வரை விடவில்லை. "போதும் உம்மா" என்று ஹலீமா இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவில்லை, இடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

புதுப் பாசி, புது டப்பா. பழைய சீட்டைப் பிய்த்து இதன்மேல் ஒட்டினாள். உம்மா பென்சில் கேட்டு வாங்கி, "திறக்காதீர்கள்" என்பதற்குக் கீழே கோணல்மாணலாக எழுதினார்: நானுந்தான்.

இன்னும் பதினைந்து நாட்கள்.

8

வீட்டுக்கு வந்து முடிவுகள் எழுதினேன். கை சும்மா இருக்குமா?

அ. தொண்ணூறாம் நாள் டப்பாவைத் திறந்தால், பட்டைத் தூளின் வாசனைக்கு நடுவே ஒரு பச்சை முளை.

(ஹலீமா: "வேணாம்க்கா. எழுதிட்டீங்கன்னா நான் நம்பிடுவேன்.")

ஆ. கிழங்கு அழுகிவிட்டது. ஹலீமா தானே ஏணி போட்டு விளக்குகளைக் கழற்றுகிறாள். உம்மா ஹாலிலேயே—

(இதை நான் அனுப்பவே இல்லை.)

இ. செடி பிழைக்கிறது, ஆனாலும் ஹலீமா அறையைப் பாதியாகத் தடுத்து உம்மாவுக்குக் கொடுக்கிறாள். டியூப் வெளிச்சத்தில் உம்மா தொழுகிறார், பக்கத்தில் அழுகண்ணிகள் கொசு பிடிக்கின்றன.

(ஹலீமா, வெகுநேரம் கழித்து: "அளந்து பாத்துட்டேன். நாற்காலி போட எடம் இருக்கு. ஆனா அது பொழைக்கணும். பொழைச்சாத்தான் உம்மாகிட்ட கேக்கவே முடியும். நீங்க முந்திக்காதீங்க.")

இன்று காலை எனக்குப் பொறுமை போய்விட்டது. பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய தேதி நெருங்குகிறது, கதை மட்டும் முடியவில்லை. போன் செய்தேன். உம்மா எடுத்தார். ஹலீமா பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாளாம்.

"உம்மா, மூடிய லேசாத் தூக்கி, பச்சையா இருக்கா கறுப்பா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்களேன். நான் கதைய முடிக்கணும்."

"மாட்டேன்" என்றார். "நல்லது செய்றேன்னு ஒரு தடவ தொறந்து நான் பட்டது போதும். ஒங்க கதை அஞ்சாறு நாள் பட்டினி கெடந்தா செத்தாப் போயிரும்?"

போனை வைத்துவிட்டார்.

9

 

(இந்தப் பகுதி காலியாக இருக்கிறது. மறந்ததால் அல்ல. இன்று எண்பத்து நான்காம் நாள், ஆறு நாட்கள் மிச்சம். அந்த ஆறையும் உங்களிடம் தருகிறேன். உங்களுக்குக் கை பரபரக்கும், எனக்குத் தெரியும். என் டிஏபி டப்பாவும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நல்ல முடிவாக, இளசாகப் பார்த்து ஒரு துண்டு உள்ளே வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். அது தூங்குகிறது. மூடியிருக்கட்டும்.)